ஒன்பதாம் நம்பர் வண்டி

திங்கட்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்தபோது பதினோரு பேட்டரி வண்டிகள் படுத்திருந்தன. படுத்திருந்தன என்றால் கவிழ்ந்து கிடந்தன என்று அர்த்தமில்லை. சக்கரம் நான்கும் தரையில்தான் இருந்தன, முன்கண்ணாடி பளபளவென்றுதான் இருந்தது. சாவியைத் திருப்பினால் மட்டும் ஒரு முனகல் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை. இத்தனைக்கும் ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த வண்டிகள். செருகிய பிளக் செருகியபடி இருந்தது.

ஷெட் மெக்கானிக் ஒவ்வொரு பிளக்காக உருவி மறுபடி குத்திப் பார்த்தான். சார்ஜர் ‘டொக்’ என்றது. நல்ல வண்டியாக இருந்தால் அந்த ‘டொக்’குக்குப் பிறகு மாவு மிஷின் மாதிரி ஒரு இரைச்சல் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. பதினோரு தடவை குத்தினான், பதினோரு தடவையும் ‘டொக்’ மட்டும்தான். 

அவனுக்கு அந்த கோல்ஃப் கிளப்பில் மீட்டர் என்று பெயர். கழுத்தில் எப்போதும் கரண்ட் அளக்கிற மல்டிமீட்டர் தொங்கும். சாப்பிடும்போது கூடக் கழற்ற மாட்டான். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் தட்டில் விழுந்து குழம்பில் நனையும். ஆள் கெட்டவன் இல்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள். பயந்தவன் என்று வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடுகிறேன். பயந்தவன் செய்கிற கெடுதலைக் கெட்டவன் கூடச் செய்ய மாட்டான்.

ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிற நாற்பது வண்டிகள் அவன் பொறுப்பு. கிளப்புக்கு வருகிறவர்கள் பந்து விழ வேண்டிய ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடக்க மாட்டார்கள். “நடக்காம இருக்குறதுக்குன்னே விளையாட வர்றவங்கடா இவங்க” என்பாள் அவனுடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான், பத்து நாள் தம்பி வீட்டில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பையோடு வந்தாள். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற பிறவி இல்லை அவள். வந்த மூன்றாம் நாளே ஷெட்டுக்குள் போய், பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைத் தம்பி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரு வண்டிக்கு ஆறு பேட்டரி. ஒரு பேட்டரிக்கு நாலு மூடி. நாற்பது வண்டிக்குக் கணக்குப் போட்டால் தொள்ளாயிரத்து அறுபது. அத்தனையையும் அவள் வாய் என்றுதான் சொல்வாள். “தொள்ளாயிரத்து அறுபது வாய்க்கு நான் தண்ணி காட்டணும். நீ பெத்திருந்தாக்கூட இத்தனை வாய் வராது” என்று தம்பி பெண்டாட்டியைக் கிண்டல் செய்வாள். அந்தக் கிண்டலில் ஒரு குத்தல் இருந்தது. அந்த வீட்டில் குழந்தை இல்லை.

விடியும் முன்னே எழுந்து, சார்ஜ் ஏறி முடிந்த வண்டிகளின் சீட்டைத் தூக்கி, மூடிகளைத் திறந்து, புனலை வைத்து ஊற்றுவாள். சார்ஜ் ஏறின பிறகுதான் ஊற்ற வேண்டும்; முன்னால் நிரப்பினால் கொதித்து ஆசிட் வெளியே வழியும். பேட்டரிக்குள் இருக்கிற ஈயத் தகட்டுக்கு மேலே ஒரு விரல் கனம் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்கு மேல் சொட்டு கூடாது. அவளுடைய சேலை ஒவ்வொன்றிலும் முழங்காலுக்குக் கீழே ஆசிட் பட்டுச் சல்லடை மாதிரி ஓட்டை. ஷெட்டில் எல்லோருக்கும் அவள் தண்ணியக்கா. புதிதாக வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு அவள் குடிப்பாள் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் மறுக்க மாட்டாள். “ஆமா, நாள் ஒண்ணுக்கு நாலு கேன்” என்பாள்.

சம்பளம்? அதெல்லாம் இல்லை. கிளப் பதிவேட்டில் அவள் பெயரே கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் கிளப் கொடுத்த இரண்டு அறை வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்தில் பாய் விரிக்க ஓர் இடம், இரண்டு வேளைச் சோறு.

மேனேஜர் மேடம் ஒன்பது மணிக்கு வந்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. குரலை உயர்த்தாமலேயே ஆளை உட்கார வைத்து எழுப்புகிறவர்.

“ஞாயித்துக்கிழமை போட்டி இருக்குன்னு தெரியும்ல உங்களுக்கு?”

“தெரியும் மேடம்.”

“வெள்ளிக்கிழமை பேட்டரி கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் வந்து பாக்கப் போறார். பேட்டரியே தப்புன்னா அவங்க மாத்திக் குடுப்பாங்க. பராமரிப்பு தப்புன்னு அவர் எழுதிட்டாருன்னா…” மேடம் ஷெட்டின் பின்சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டரின் வீடு. “எனக்கு வேற வழி இருக்காது. வேலையும் வீடும் ஒண்ணோட ஒண்ணு. உங்களுக்கே தெரியும்.”

மீட்டர் தலையை ஆட்டினான். 

அன்று முழுக்க ஷெட்டுக்குள் வெக்கை. காற்றே இல்லை. தகரக் கூரை மடமடவென்று சத்தம் போட்டது. முதலில் சார்ஜரைச் சந்தேகப்பட்டான். படுத்த வண்டியின் சார்ஜரைக் கழற்றி நல்ல வண்டியில் மாட்டினான், இரைந்தது. அப்படியென்றால் சார்ஜர் நன்றாக இருக்கிறது. அடுத்தது ஃபியூஸ். அதுவும் உயிரோடு இருந்தது. அடுத்தது பேட்டரிக்கும் பேட்டரிக்கும் நடுவே ஓடுகிற கனத்த ஒயர்கள். பச்சை பூத்திருந்த முனைகளைச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நட்டை முறுக்கினான். மறுபடி குத்தினான். டொக்.

“மொத்தம் எத்தனை காட்டுதுன்னு பாருடா முதல்ல” என்றாள் அக்கா. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் மல்டிமீட்டரை வைத்தான். நாற்பத்தெட்டு வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று காட்டியது.

“அதான். சார்ஜருக்கு இது பேட்டரின்னே தெரியலை. கொஞ்சமாவது உசுரு இருந்தாத்தானே அது கரண்ட் குடுக்கும். சுத்தமாச் செத்தவனைத் திரும்பிக்கூடப் பாக்காது, நம்ம சொந்தக்காரங்க மாதிரி.”

“நீ சும்மா இருக்கா. எனக்குத் தெரியாதா?”

“தெரியும் தெரியும். இந்த ஆறுல எதுன்னு தெரியுமா?”

அவள் எழுந்து வந்து, ஆறு பேட்டரிகளின் பக்கவாட்டிலும் புறங்கையை ஒவ்வொன்றாக வைத்தாள், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுகிற மாதிரி. நாலாவதில் நிறுத்தினாள். “இது. நேத்தே சுட்டுச்சு.” அவன் அளந்து பார்த்தான். மற்ற ஐந்தும் ஐந்தரை, ஐந்தே கால் என்று காட்ட, அது நாலுதான் காட்டியது. கார் பேட்டரிக்கான பழைய சார்ஜரைக் கொண்டுவந்து, அதன் கிளிப்பை ஆறிலும் தனித்தனியாகக் கடிக்க வைத்து இருபது இருபது நிமிஷம் ஏற்றினான். அப்புறம் பெரிய சார்ஜரைக் குத்தினால் டொக், இரைச்சல். அப்பாடா என்று இருந்தது. சாயந்தரத்துக்குள் பதினொன்றையும் இப்படியே எழுப்பிவிட்டான்.

எட்டிப் பார்க்க வந்த மேடம், “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

“அனுபவம்தான் மேடம்” என்றான் மீட்டர். அக்கா பக்கத்தில்தான் நின்றாள், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு. சிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எழுப்பின வண்டிகள் புதன்கிழமை காலை மறுபடி படுத்தன. கூடவே இன்னும் எட்டு. பத்தொன்பது ஆகிவிட்டது.

வீட்டில் மீட்டரின் மனைவி முட்டைப் பொரியலைத் தட்டில் போட்டாள். அக்கா பின்கட்டில் கை கழுவப் போயிருந்தாள்.

“ஏங்க, வேலை போயிடுமா?”

“போகாது.”

“போனா எங்க போறது? எங்கம்மா வீட்ல ஒரு ரூம். அதுல நீங்க, நான், உங்கக்கா. நல்லாத்தான் இருக்கும்.”

“இப்ப ஏன் அக்காவை இழுக்குற?”

“நான் எங்க இழுத்தேன்? பத்து நாள்னு வந்தவங்க. நான் ஏதாவது கேட்டேனா? பதினோரு வருஷமா மூச்சு விட்டேனா?”

பதினோரு வருஷமாக அவள் வேறு எந்தப் பேச்சும் பேசியதில்லை என்பது மீட்டருக்குத் தெரியும். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அக்கா உள்ளே வந்து உட்கார்ந்ததும், மனைவி கரண்டியை நிறுத்தி, “அண்ணி, முட்டை தீந்துடுச்சு, ரொட்டி மட்டும் இருக்கு” என்றாள். சட்டியில் இன்னும் பொரியல் இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. அக்கா ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றாள்.

சாப்பிட்ட கையோடு மீட்டர் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். பின்னால் ரப்பர் குமிழ் இருக்கும். பேட்டரியின் வாய்க்குள் விட்டு உறிஞ்சினால், ஆசிட் உள்ளே ஏறி, சின்ன மிதவை எழும்பி எண் காட்டும். நல்ல பேட்டரி என்றால் ஆயிரத்து இருநூற்று அறுபதில் நிற்கும். அன்று மிதவை எழும்பவே இல்லை. சோம்பேறி மாதிரி அடியில் சாய்ந்து கிடந்தது. அதைவிட மோசம், குழாய்க்குள் ஏறினது தெளிவாக இல்லை. கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது, லேசாகப் பச்சை ஓடியது. அடுத்த வண்டியிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

தண்ணீர்!

மீட்டர் குழாயைப் பார்த்தபடி பேட்டரிமேல் கையை ஊன்றி நின்றான்.

மூன்று மாதத்துக்கு முன் நடந்தது. பேட்டரிக்கென்று வருகிற சுத்தத் தண்ணீர் கேன்கள் இரண்டு வாரம் தாமதமாயின. அக்கா கைவசம் இருந்தவற்றை எண்ணிக்கொண்டு பதைத்தாள். மீட்டருக்குத்தான் அந்த யோசனை உதித்தது. கிளப் கட்டடத்துக்குப் பின்னால் வரிசையாக ஏ.சி. பெட்டிகள். அவற்றிலிருந்து சொட்டுகிற தண்ணீரெல்லாம் ஒரு குழாய் வழியாக நீல டிரம்மில் விழும்.

“காத்துலேர்ந்து இறங்குற தண்ணிக்கா அது. மழைத் தண்ணியை விடச் சுத்தம். அதைப் புடிச்சு ஊத்து.”

“அதுல பச்சையா நூல் நூலா மிதக்குதுடா. மாசா மாசம் ஏ.சி. கழுவுறவன் என்னவோ மருந்தை அடிக்கிறான், அதுவும் அதுலதான் வந்து விழுது. எனக்கென்னமோ மனசுக்கு ஒப்பலை.”

“ஊத்துறதுதான் உன் வேலை. யோசிக்கிறது என் வேலை” என்றான்.

அதோடு விட்டானா? வந்த கேன்களையும் திருப்பி அனுப்பிவிட்டு, இனிமேல் கேனே வேண்டாம் என்று மேடத்துக்கு எழுதிக் கொடுத்தான். மேடம் செலவு மிச்சமென்று மகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். கிளப் அறிவிப்புப் பலகையில் ‘இம்மாத ஊழியர்’ என்று மீட்டரின் படம் ஏறியது, கழுத்தில் மல்டிமீட்டரோடு. மனைவி அதைப் போனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினாள்.

அவன் மெல்ல நிமிர்ந்தபோது அக்கா எதிரே நின்றிருந்தாள். அவன் கையிலிருந்த குழாயைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். 

“இங்க வா. ஒண்ணு காட்டுறேன்” என்றாள்.

ஷெட்டின் கோடியில் ஒன்பதாம் நம்பர் நின்றது. அதுதான் அவளுடைய வேலை வண்டி. விடியற்காலையில் அதில்தான் டிரம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வருவாள், அதில்தான் வரிசை வரிசையாகப் போய் ஊற்றுவாள். சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்து, “விட்டுப் பாரு” என்றாள்.

உறிஞ்சினான். கண்ணாடி மாதிரி தெளிவு. மிதவை துள்ளி எழுந்து ஆயிரத்து இருநூற்று அறுபதில் நின்றது.

“இதுக்கு என்ன ஊத்தின?”

“பழைய கேன் ரெண்டு மிச்சம் இருந்துச்சு. உன் பேச்சைத் தட்டவும் முடியலை, அந்தத் தண்ணி மேல நம்பிக்கையும் வரலை. நாப்பதுக்கும் காணாது. ஒண்ணாவது பொழைக்கட்டும்னு இதுக்கு மட்டும் ஒளிச்சு வச்சு ஊத்தினேன். என்னைச் சுமக்குற வண்டியாச்சே.” அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். “இப்பப் புரிஞ்சுதா? உன் கைவேலை மேல ஒரு தப்பும் இல்லைடா. தண்ணிதான். கம்பெனிக்காரன் வந்தா இதைக் காட்டு. நல்ல தண்ணி ஊத்தினது ஓடுது, மத்தது ஓடலைன்னு நேரா சொல்லிடு. தெரியாமப் பண்ணிட்டோம்னா தலையையா எடுத்துடுவாங்க?”

இதைச் சொன்னவள் தன் தம்பியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் சொன்னாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

வியாழக்கிழமை காலை அவன் மேடத்தின் அறைக்குப் போனான். குளுகுளுவென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த ஏ.சி. சொட்டுகிற சத்தம் கூடக் கேட்டது.

“தண்ணிதான் மேடம். ஏ.சி. தண்ணி. கேன் வேண்டாம்னு நான் எழுதிக் குடுத்தப்போ நீங்களும்…”

“நான் கேன் வேண்டாம்னுதான் கையெழுத்துப் போட்டேன். அதுக்குப் பதிலா எதை ஊத்துவீங்கன்னு அதுல எழுதலையே நீங்க.”



மேடம் ஒரு நிமிஷம் பேனாவை உருட்டினார். “தண்ணியை ஊத்தினது யாரு? நீங்களா?”

“அக்கா ஊத்துவாங்க.”

“உங்க அக்கா நம்ம ஸ்டாஃப் இல்லையே.”

பதினோரு வருஷமாக ஒவ்வொரு காலையும் இதே மேடத்துக்கு அக்கா வணக்கம் சொல்லியிருக்கிறாள். மேடமும் தலையசைத்திருக்கிறார். மீட்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. ஊழியர் கவனக்குறைவுன்னா கம்பெனியும் மாத்தித் தராது, இன்சூரன்ஸும் தராது. ஆனா வெளி ஆள் ஒருத்தர் உள்ள புகுந்து வேணும்னே கெடுத்ததுன்னா இன்சூரன்ஸ் உண்டு. வேணும்னேன்னு இருக்கணும். தெரியாமச் செஞ்சதுன்னா உதவாது. உங்க அக்கா தெரிஞ்சு ஊத்தினாங்களா, தெரியாம ஊத்தினாங்களா?”

தெரியாமல் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன், ‘நான்தான் ஊற்றச் சொன்னேன்’ என்று முழுசாகவே சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், வீடு போயிருக்கும். மூன்று பேரும் ஒரு அறையில் முட்டிக்கொண்டு கிடந்திருப்பார்கள். சாகமாட்டார்கள். அவன் கழுத்திலிருந்த சிவப்பு ஒயரை விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான்.

“ஒன்பதாம் நம்பர்ல மட்டும் நல்ல தண்ணி இருக்கு மேடம்” என்றான்.

மேடம் புருவத்தை உயர்த்தினார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒளித்து வைத்த இரண்டு கேன், மனசுக்கு ஒப்பவில்லை என்று அவள் சொன்னது, மிதவை நின்ற எண் உட்பட. மேடம் எழுதிக்கொண்டார்.

“அப்போ அவங்களுக்கு எது நல்ல தண்ணி எது கெட்ட தண்ணின்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு” என்றார். “பாவம்தான். என்ன பண்றது?”

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார், பத்து வண்டியில் உறிஞ்சிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒன்பதாம் நம்பரில் உறிஞ்சிப் பார்த்து அதையும் குறித்துக்கொண்டு போய்விட்டார். பதினோரு மணிக்கு அக்காவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். ஓட்டைச் சேலையோடு வரக்கூடாதென்று நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஷெட்டில் உன் வேலையைப் பற்றி ஏதோ எழுத வேண்டுமாம் என்று தம்பி சொல்லியிருந்தான். இத்தனை வருஷம் கழித்துப் பதிவேட்டில் பெயர் சேர்க்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. தலையை வேறு படிய வாரியிருந்தாள்.

மேடம் காகிதத்தை நகர்த்தினார். அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை, சரளமாகவே படிப்பாள். முதலில் மனதுக்குள் படித்தாள். அப்புறம் வாய்விட்டுப் படித்தாள்.

“நான் இந்த கிளப்பின் ஊழியர் அல்ல. வெளி ஆளாகிய நான் அனுமதியின்றி ஷெட்டுக்குள் நுழைந்து, கேடு விளைவிக்கும் என்று தெரிந்தே, முப்பத்தொன்பது வண்டிகளின் பேட்டரிகளில்…” நிறுத்தினாள். “இது யாரைப் பத்தி எழுதியிருக்கு?”

மேடம் காகிதத்தின் அடியில் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டினார்.

“வெளி ஆளா? சரி, வெளி ஆளுதான். ‘தெரிந்தே’ன்னு போட்டிருக்கே. ஆமா, தெரிஞ்சுதான் ஊத்தினேன். அந்தத் தண்ணி ஆகாதுன்னு இவன்கிட்ட சொல்லிட்டுத்தான் ஊத்தினேன். அதை எங்க எழுதியிருக்கீங்க? அந்தப் பக்கத்தைக் காணோமே.”

“அம்மா, நீங்க கையெழுத்துப் போடலைன்னா இது போலீஸுக்குத்தான் போகும்” என்றார் மேடம். “உங்க தம்பியையும் சேர்த்து விசாரிப்பாங்க. போட்டுட்டா இதோட முடிஞ்சுது. நாளைக்கு நீங்க கிளம்பிடலாம்.”

“கிளம்பணுமா?”

“வெளி ஆளுங்க குவாட்டர்ஸ்ல தங்கக் கூடாதும்மா.”

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். அவன் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“டேய். என்னைப் பாரு. ஏ.சி. தண்ணியைப் புடிச்சு ஊத்துன்னு நீ சொன்னியா இல்லையா? அதை மட்டும் இந்தம்மா முன்னாடி சொல்லிடு. நீ சொன்னேன்னு சொல்லு, அடுத்த நிமிஷம் எங்க வேணாலும் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவன் கழுத்து ஒயரை மறுபடி விரலில் சுற்றினான்.

“நான் சொல்லலைக்கா” என்றான் மீட்டர்.

ஒரு தடவை சொன்னது போதாதென்று, மேடத்தைப் பார்த்து, “நான் சொல்லலை மேடம்” என்றான்.

அக்கா அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பான். அவள், “பேனா குடுங்க” என்றாள். போட்டாள். தேதியைக் கூடத் தன் கையாலேயே எழுதினாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கிளம்பினாள். பதினோரு வருஷத்துச் சாமான் ஒரு பையில் அடங்கிவிட்டது. வந்ததும் ஒரே பைதான். மீட்டரின் மனைவி வழிக்கு நாலு முட்டை அவித்துக் கட்டிக் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தாள், அது பொய்க் கண்ணீர் என்று சொல்ல மாட்டேன். அடுப்படிப் பக்கத்தில் பாய் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டும்தான் கொடுத்தாள். அக்கா பொட்டலத்தை வாங்கி, அடுப்புத் திட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். கிளப் சமையற்காரர் சொல்லி, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் அவளுக்கு வேலை பேசியாகியிருந்தது. தம்பி இதற்கும் கூட எதுவும் செய்யவில்லை.

வெளி கேட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். வானம் இருட்டிக்கொண்டு, மழை இப்போது வரட்டுமா அப்புறம் வரட்டுமா என்று நின்றது.

“நடந்து போக வேண்டாம்கா. வண்டியில விடுறேன்” என்றான் மீட்டர்.

அன்று ஷெட்டில் நம்பி எடுக்கக் கூடிய வண்டி ஒன்றே ஒன்றுதான். அவள் அதைப் பார்த்தாள், ஒரு கணம் யோசித்தாள், ஏறி உட்கார்ந்தாள். ஒன்பதாம் நம்பர் சத்தமில்லாமல் புல்வெளியோரம் ஓடியது. மேடு வந்தபோது கூடத் திணறவில்லை. பாதி வழியில், “ஆறு மாசம் போகட்டும்கா. எல்லாம் அடங்கினதும் நானே வந்து கூட்டிட்டு வர்றேன்” என்றான். அவளுடைய கை மட்டும் சீட்டின் பக்கவாட்டில், பேட்டரி இருக்கிற இடத்தில் இருந்தது, சூடு பார்க்கிற மாதிரி.

கேட்டில் இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டாள்.

“இதுக்காவது நல்ல தண்ணி ஊத்து” என்றாள். அதற்கப்புறம் திரும்பவில்லை.

போட்டி வாடகை வண்டிகளில் நன்றாகவே நடந்தது. இன்சூரன்ஸ்காரர்களும் இரண்டே மாதத்தில் ஒத்துக்கொண்டார்கள். மேடத்துக்கு மேலிடத்தில் பாராட்டு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லாரியில் புது பேட்டரிகள் வந்தன. வண்டிக்கு ஆறு இல்லை, ஒன்றே ஒன்று. கறுப்பாக, வழவழவென்று ஒரு பெட்டி. மீட்டர் புனலும் கையுமாகப் போய் மூடியைத் தேடினான். மேலே தடவினான், பக்கத்தில் தடவினான். மூடி இல்லை. எங்கும் ஒரு வாய் கூட இல்லை.

“இதுக்குத் தண்ணியே வேண்டாம்” என்றார் பின்னால் வந்த மேடம். “எவ்வளவு சார்ஜ் இருக்கு, எதுல கோளாறுன்னு எல்லாம் போன்லயே காட்டிடும். கம்பெனியே மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பும்.” கொஞ்சம் நிறுத்தினார். “அதனால ஷெட்டுக்குன்னு தனியா ஒரு ஆள் இனிமே தேவைப்படாது. உங்களுக்கே புரியும். மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க. சர்டிஃபிகேட் நல்லபடியாத் தர்றேன்.”

மீட்டர் புனலைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

மனைவி அழுது தீர்த்துவிட்டு, அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். அங்கே அவளுடைய தம்பிக்குக் கல்யாணமாகி அந்த ஒரு அறையும் போய்விட்டது. ஒரு நாள் பொறுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஏங்க, அண்ணிக்கு அங்க ரூம் குடுத்திருக்காங்களாம்ல? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்” என்றாள்.

அன்று பழைய பேட்டரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஷெட் வாசலில் நின்று போன் செய்தான். மூன்றாம் தடவைதான் எடுத்தாள். பின்னால் பெரிய பெரிய மிஷின்கள் உருளும் சத்தம்.

“அக்கா, நான்தான்.”

“தெரியுது. சொல்லு.”

“நல்லா இருக்கியா?”

“ஒன்பது எப்படிடா இருக்கு?” என்றாள் அவள்.

லாரியின் பின்பக்கம் அவன் கண் எதிரே திறந்திருந்தது. “எல்லாத்துக்கும் புதுசு மாட்டியாச்சுக்கா. பழசை எடைக்குப் போடுறாங்க.”

“ஒன்பதோடதையுமா?”

“அதையும்தான்.”

“அது நல்லாத்தானேடா இருந்துச்சு.”

நன்றாகத்தான் இருந்தது. அன்று காலை கூட அவன் குழாயை விட்டுப் பார்த்திருந்தான், மிதவை அதே இடத்தில் நின்றது. அதை லாரிக்காரரிடமும் அவன் சொல்லவில்லை, மேடத்திடமும் சொல்லவில்லை, இப்போது அக்காவிடமும் சொல்லவில்லை.

“அக்கா… எனக்கு இங்க வேலை போயிடுச்சு. வீட்டையும் கேக்குறாங்க. உனக்கு அங்க ரூம் இருக்குல்ல? ஒரு பத்து நாள் மட்டும்…”

மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தான். வைக்கவில்லை.

“இங்க ஸ்டாஃப் மட்டுந்தான்டா தங்கலாம்” என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. “வெளி ஆளைத் தங்க வைக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க. நானும் நல்லாப் படிச்சுப் பாத்துத்தான் போட்டேன்.”